பிரிபடாத பாதி

கொம்தாரில் என் டோக்கன் எண் 3047.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
ஆவணத்தை என் பக்கம் திருப்பி
பேனா நுனியால் ஒரு வரியைத் தொட்டாள்.
தடையாணை.
ஜெலுத்தோங், பதினொன்றாம் மாடி,
அறுநூற்றைம்பது சதுர அடியில்
பிரிபடாத இரண்டில் ஒரு பங்கு.
தயாபரன் பங்கு.

"உங்கள் பாதிக்கு ஒன்றும் ஆகாது" என்றாள் மலாயில்,
தடுப்பூசி போடும் தாதியின் குரலில்.

பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது,
எது என் பாதி?

வாசலிலிருந்து நேராகக் கோடு கிழித்தால்
சாமிப் படம் எனக்கு,
மீட்டர் பெட்டி வங்கிக்கு.
குறுக்கே கிழித்தால்
குளியலறை அவர்கள் பக்கம் போய்விடும்,
கேட்டுக்கொண்டுதான் குளிக்கவேண்டும்.
சன்னலைப் பிளந்தால்
பாலத்தின் பட்டர்வொர்த் முனை எனக்கு,
தீவு முனை கடன்காரனுக்கு.
நடுவில் லாரிகள்
ஒரு கணக்கும் பார்க்காமல் ஓடும்.

கீழே லிப்ட் சுவரில்
ஏழாம் மாடி ரோஸ்னாவின் வீட்டு எண்ணோடு
லெலோங் அறிவிப்பு.
யாரோ பிள்ளைகள் அதன்மேல்
மீசை வரைய முகம் தேடி
கிடைக்காமல்
ஒரு பூனையை வரைந்திருந்தார்கள்.

காலை எட்டுப் பத்துக்குப் போன் வரும்,
பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்ட் முடிந்து
நான் படுத்த அரைமணியில்.
முதலில் மலாயில் சட்டம் பேசும்.
என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறும்.
"அக்கா, நான் லோகவாணி.
அவர் எங்கேன்னு மட்டும் சொன்னா போதும்."
அவள் முதுகுக்குப் பின்னால்
வேறு பலர் வேறு பல அக்காக்களைக்
கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.
ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
சுக்குத் தட்டிப்போட்டுக் குடி என்றேன்.
"ரெக்கார்ட் ஆகுதுக்கா" என்றாள்.

எங்கே என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.
தெரிந்திருந்தால்
வண்டி வைத்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.

செருப்பு அலமாரிக்குள்
அவன் பெயருக்கு வந்த உறைகள்,
பிரிக்காமல், ஒரு முழ உயரம்.
ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்கோலோடு உட்கார்ந்தேன்.
இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு வெள்ளி அறுபது சென்னுக்குள்
ஒருத்தியைத் தேடினேன்.

ஈப்போவில் ஓட்டல், ஓர் இரவு.
மூச்சு நின்றது.
தேதியைப் பார்த்தேன்.
யாழிசையின் பேச்சுப் போட்டி.
மூன்று பேரும் ஒரே கட்டிலில்,
அவள் தூக்கத்திலும் "நடுவர் அவர்களே" என்றாள்.

டயர் நான்கு.
பெட்ரோல். பெட்ரோல். பள்ளிக் காலணி. பெட்ரோல்.
குளிர்ப்பெட்டி, பதினெட்டுத் தவணை.
அது இப்போதும் முதுகுக்குப் பின்னால்
முனகிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தத் தனியார் மருத்துவமனை,
நாலாயிரத்து இருநூறு.
என் கர்ப்பப்பைக் கட்டி.
கம்பெனி கட்டிடும், நீ படு,
என்று சொல்லியிருந்தான்.

அதற்குப் பிறகு
வாங்கியது எதுவும் இல்லை.
வட்டி மட்டும் மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்திருக்கிறது,
அவன் வராத மாதங்களிலும்.

கொம்தார்க்காரியிடம் கேட்க இன்னொன்று இருந்தது.
வெட்டி எடுத்த கட்டியை
யார் பாதியில் எழுதுவார்கள்?
கவுண்ட்டர் திங்கட்கிழமைதான் திறக்கும்.

அன்றிரவு தம்பி ஒரு நம்பர் அனுப்பினான்.
பாசிர் கூடாங், கப்பல் பட்டறை,
வெல்டிங் ஆட்களின் விடுதி.
"அத்தான் உடம்பு இளைச்சிருக்கார், சொல்லாதேன்னார்."

மறுநாள் எட்டுப் பத்து.
"அக்கா, அவர் எங்கேன்னு..."

தெரியாது என்றேன்.

இத்தனை மாதமாய்ச் சொன்ன அதே சொல்.
இன்றைக்குத்தான் பொய்.
என் குரல் கொஞ்சம் தடுக்கியது.
ரெக்கார்ட் ஆகியிருக்கும்.
அவள் உடனே வைக்கவில்லை.
"சரிக்கா, தூங்குங்க" என்றாள்.

தூங்கவில்லை.
குளிர்ப்பெட்டியைத் திறந்தேன்.
ஆறு முட்டை இருந்தது.
ஆறையும் வேகப் போட்டேன்.